ஒரு நிறுத்தத்துக்கு முன்னால்

நாத்தனாருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆனாலும் அண்ணன் வீட்டில் அவளுக்குப் பெயர் வாலுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக வேலை பார்த்து, ஊரில் பாதிப் பேருடைய காதையும் மூக்கையும் அளந்து வைத்திருக்கிறவளை, கதவைத் திறந்ததும் "வா வாலு" என்று கூப்பிட உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் துணிச்சல் இருந்தது. ஒருவர் அண்ணன். அவர் போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. இன்னொருத்தி அண்ணி. அவள் நாத்தனாரைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது.

சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை. சண்டை என்றால் யாராவது நடுவில் புகுந்து இரண்டு பேரையும் நாலு வார்த்தை திட்டிச் சேர்த்து வைப்பார்கள். இங்கே சேர்த்து வைக்க என்ன இருக்கிறது? ஒருத்தி வருவது குறைந்தது, இன்னொருத்தி கூப்பிடுவது குறைந்தது. அவ்வளவுதான் வெளியில் தெரிந்த கதை.

அவர் இருந்தவரை சனிக்கிழமை மதியம் என்றால் நாத்தனார் வந்துவிடுவாள். வீடு மூன்றாவது மாடி. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் கிளப்பிவிடுகிற மனிதருக்குச் சொந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வாய்க்கவில்லை. அண்ணனும் தங்கையும் அந்தப் படிகளை ஒரே மாதிரிதான் ஏறுவார்கள். கடைசிப் படியில் நின்று ஒரு இருமல். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. சளியும் கிடையாது, நோயும் கிடையாது. "வந்துட்டேன்" என்ற வார்த்தையை அந்தக் குடும்பம் வாயால் சொல்லிப் பழகவில்லை, அப்படித்தான் சொல்லும். அவர்களுடைய அப்பாவும் அப்படித்தானாம். கதவில் மணி இருந்தது. அது கூரியர்காரருக்கும் மின்சார ரீடிங் எடுக்க வருகிறவருக்கும்.

உள்ளே வந்ததும் நாத்தனார் ஆரம்பிப்பாள். "என்ன அண்ணி, காப்பியில பால் விட்டீங்களா, இல்ல பாலுக்குக் காப்பியக் கண்ணுல காட்டினீங்களா?"

"உங்க அண்ணன் வாங்கிட்டு வந்த தூள். அவரையே கேளு."

"என்னை இழுக்காதீங்க. லிஃப்ட் சத்தத்துல எனக்கு ரெண்டு காதும் போச்சு" என்பார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

இப்படியே சாயந்திரம் ஆகிவிடும். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியதைவிட அவரைப் பார்த்துப் பேசியதுதான் அதிகம். எறிகிற பந்தெல்லாம் அவர் மேல் பட்டுத்தான் மறுபக்கம் போகும். சில சனிக்கிழமைகளில், நாத்தனார் சீக்கிரம் கிளம்பினால் கொஞ்சம் படுக்கலாமே என்றுகூட அண்ணி நினைத்ததுண்டு. அதை இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்டைச் சரிபார்க்கப் போனவர், அங்கேயே சுருண்டு விழுந்து, அதே லிஃப்டில் படுத்தபடி மேலே போனார். திரும்பக் கீழே வரும்போது அவர் இல்லை.

முதல் மாதம் நாத்தனார் தினமும் வந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்காகக் கதவு திறந்தே கிடந்தது, இருமத் தேவை இருக்கவில்லை. வருவாள், பாத்திரம் கழுவுவாள், துணி மடிப்பாள், ஒன்றும் பேசாமல் போவாள். இரண்டாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அண்ணி சமையலறையில் இருந்தாள். படியில் இருமல் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. எத்தனை நாள் பழக்கம், உடம்புக்கு யார் போய்ச் செய்தி சொல்வது? ஈரக் கையோடு ஓடினாள். கதவைத் திறந்தாள். வாசலில் நாத்தனார்.

அண்ணிக்கு அதற்கப்புறம் நடந்தது சரியாக நினைவில்லை. கதவைச் சாத்தியிருக்கிறாள். உள்பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறாள். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ கழித்துத் திரும்பத் திறந்து, "வா" என்றாள். நாத்தனார் உள்ளே வந்தாள். இருவரும் காப்பி குடித்தார்கள். அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மணி அடித்தது. திறந்தால் நாத்தனார். அதற்கடுத்த சனிக்கிழமையும் மணிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இருமல் முதல் தடவை நெஞ்சைப் பிளந்ததே ஒழிய, அதற்கப்புறம் அண்ணி அதற்காகத்தான் ஏங்க ஆரம்பித்தாள். அவருடைய குரல் போனில்கூட இல்லை. போட்டோ எடுப்பாரே தவிர, பேசிப் பதிவு பண்ணுகிற ஆள் இல்லை. அவர் உடம்பிலிருந்து வந்த ஒரு சத்தம் இந்த உலகத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதென்றால் அது அந்த ஒருத்தியின் தொண்டையில்தான். அது கடைசிப் படியில் கேட்கும் என்று சனிக்கிழமை தோறும் காத்திருந்தாள். மணிதான் அடித்தது. சரி, அவளுக்கு நாம் அண்ணனுடைய பெண்டாட்டி. அண்ணன் இல்லை என்றால் மூன்றாவது மாடியில் இருக்கிற யாரோ. மணி அடித்துவிட்டு வருவதுதானே முறை. அப்படி எடுத்துக்கொண்டாள். மணி அடித்து வருகிறவர்களுக்கு உண்டான மரியாதையாக, காப்பி டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, சாஸரோடு கப்பை எடுத்தாள். கொஞ்ச நாளில் நாத்தனார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு இல்லை.

போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வராத முதல் வாரமே கூப்பிட்டிருந்தால் "என்ன வரல?" என்ற ஒரு கேள்வியோடு முடிந்திருக்கும். மூன்றாவது வாரம் கூப்பிட்டால் மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஏதாவது சொல்ல வேண்டும். ஐந்தாவது மாதத்தில் போனைக் கையில் எடுத்தால், ஐந்து மாதமும் வரிசையில் நின்று, என்னை முதலில் ஏற்று என்கிறது. எடுத்த போனைக் கீழே வைத்துவிடுவாள்.

இந்தச் சங்கதி அவளுக்குப் புதிதாகத் தெரிந்திருக்கக் கூடாது. அவளுடைய பிழைப்பே அதுதான். பேருந்துக் கட்டுப்பாட்டு அறையில் பத்தொன்பது வருஷமாக வேலை. திரையில் பதினாலாம் நம்பர் தடம் ஒரு கோடாக ஓடும். அதன் மேல் பச்சைக் கட்டங்கள் எறும்பு மாதிரி ஊரும். ஒவ்வொன்றும் ஒரு வண்டி. எட்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று கணக்கு. ஒரு வண்டி இரண்டு நிமிஷம் பிந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு நிமிஷத்துக்கான ஆட்கள் கூடுதலாக நிற்பார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் மூன்று நிமிஷம் பிந்தும். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற வண்டிக்கோ ஆளே இல்லை. காலியாக ஓடிவந்து முன்வண்டியின் முதுகை முகரும். அரை மணி நேரம் ஒன்றும் வராமல் மூன்று சேர்ந்து வருகிறது என்று ஜனங்கள் சபிப்பது இதைத்தான். யாரும் தப்பாக ஓட்டவில்லை, யாரும் தப்பாக ஏறவில்லை. இடைவெளி தன்னைத் தானே தின்று கொழுத்துவிட்டது.

பிந்திய வண்டியை விரட்டிப் பிரயோஜனம் இல்லை. பின்னால் வருகிறதை ஒரு நிறுத்தத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். ஓட்டுநர் திட்டுவார், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் திட்டுவார்கள். நிறுத்தி வைப்பதில் அவளைப் போல ஆள் கிடையாது என்று அறையில் பெயர். அந்தப் பெயர்தான் வினையாயிற்று. வீட்டு விஷயத்திலும் அவள் அதையே செய்தாள். வாலு தன் துக்கத்தோடு மெதுவாக வரட்டும், நாம் நின்று கொடுப்போம் என்று இருந்தாள். தான் செய்வது பெருந்தன்மை என்றே நினைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை டியூட்டி. பதினாலாம் தடத்தின் வடபாதி அவளுடைய மேசை. தென்பாதி தொப்பிக்காரருடையது. அறையின் ஏ.சி. குளிருக்குப் பயந்து வருஷம் பூராவும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு பீரோ. முதுகோடு முதுகாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஓர் எட்டு எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம்.

தடத்தின் நட்டநடுவில் தண்ணீர்த் தொட்டி நிறுத்தம். வடக்கே இருந்து வருகிற வண்டியும் தெற்கே இருந்து வருகிற வண்டியும் அங்கே சந்திக்கும். ஓட்டுநர்கள் இருவரும் இறங்கி வண்டியை மாற்றிக்கொள்வார்கள், அவரவர் டெப்போவுக்கு அவரவர் திரும்பிப் போக. தெரு ஒடுக்கம், ஒரு வண்டி தனியாக நின்று காத்துக்கொண்டிருந்தால் பின்னால் ஊரே நின்றுவிடும். அதனால் எதிர்வண்டி பிந்துகிறது என்று தெரிந்தால், தன் வண்டியை ஒரு நிறுத்தத்துக்கு முன்னாலேயே நிறுத்தி வைப்பது வழக்கம்.

பத்தரை மணிக்கு அவளுடைய வண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு முந்திய பள்ளிக்கூட நிறுத்தத்தில் கொஞ்சம் நின்றது. சக்கர நாற்காலியில் வந்த ஒருவரை ஏற்றினார்கள். மூன்று நிமிஷ வேலை. முடிந்து கிளம்பலாம் என்று அவள் திரையைப் பார்த்தபோது, எதிரே தொப்பிக்காரருடைய கட்டம், அந்தப் பக்கம் தொட்டிக்கு முந்திய தபால் நிலைய நிறுத்தத்தில் அசையாமல் நின்றது. அவருக்கு ஏதோ பிரச்சினை போல என்று தன் வண்டியை நிறுத்தி வைத்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பீரோவுக்கு அந்தப் பக்கம் அவர் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. பாவம், டென்ஷனில் இருக்கிறார், இப்போது போய் என்ன ஆச்சு என்று கேட்டால் எரிச்சல்தான் படுவார். இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.

இருபத்திரண்டாவது நிமிஷத்தில் ரேடியோ கரகரத்தது. அவளுடைய வண்டியின் ஓட்டுநர். எந்நேரமும் எதையாவது முனகிப் பாடிக்கொண்டே ஓட்டுவதால் அவரைப் பாகவதர் என்பார்கள்.

"கன்ட்ரோல், பாகவதர் பேசறேன். எனக்கு எதிர்ல வர்ற வண்டி எங்க?"

"பிந்துது. கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உள்ள ஒரு அம்மா எனக்குப் பொண்ணு பாக்கற அளவுக்குப் பழகிட்டாங்க. எனக்கு ரெண்டு பேரன் இருக்கான்னு சொன்னதும் கோவிச்சுக்கிட்டாங்க."

"பாகவதரே, விஷயத்துக்கு வாங்க."

"விஷயம் என்னன்னா மேடம், எதிர்வண்டி டிரைவருக்கு இப்பத்தான் போன் போட்டேன். அவனும் அங்க இருபது நிமிஷமா எனக்காகத்தான் நிக்கறானாம். பாகவதருக்கு என்ன ஆச்சோ ஏது ஆச்சோன்னு கவலையா கேக்கறான். எனக்கு ஒண்ணும் ஆவல. அவனுக்கும் ஒண்ணும் ஆவல. நாங்க ரெண்டு பேரும் காலைலேர்ந்து நல்லாத்தான் இருக்கோம்."

அவள் எழுந்து பீரோவைச் சுற்றிப் போனாள். தொப்பிக்காரரும் அதே நேரம் எழுந்து வந்தார். பீரோ முனையில் முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள்.

"நீங்க ஏன் நிறுத்தினீங்க?"

"உங்க வண்டி பள்ளிக்கூடத்துல நின்னுச்சே மேடம். சரி, பிரச்சினை போலன்னு நான் நிறுத்தினேன்."

"நீங்க நின்னதாலதான் நான் நின்னேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "கேக்கலாம்னுதான் எந்திரிச்சேன். நீங்க கைய நெத்தியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. மனசு சரியில்ல போலருக்கு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

"நான் நெத்தியச் சொறிஞ்சிக்கிட்டு இருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க போன்ல ரகசியமாப் பேசினீங்களே. பெரிய சிக்கல்னு நெனச்சேன்."

"என் பொண்டாட்டி. கத்தரிக்கா வாங்கணுமான்னு கேட்டா."

இரண்டு வண்டிகளும் நகர்ந்தன. பிறகு தாமதத்துக்குக் காரணம் எழுதும் படிவம். வண்டிக் கோளாறு, சாலைக் கோளாறு, ஓட்டுநர் தவறு, பயணிகளால் தாமதம் என்று நாலு கட்டம். எதில் புள்ளி வைப்பது என்று இருவரும் படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வண்டி நல்ல வண்டி. ரோடு நல்ல ரோடு. பாகவதர்கூட இன்னிக்கு நல்லவர்தான்" என்றார் தொப்பிக்காரர். "ஒருத்தர் மேல ஒருத்தர் பரிதாபப்பட்டதால தாமதம்னு ஒரு கட்டம் போடச் சொல்லணும்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் போனாள். வாய் பாதி திறந்தது, மேலே போகவில்லை. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் இரண்டு கட்டங்களும் தண்ணீர்த் தொட்டியில் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு நிமிஷம் ஒரு நிறுத்தத்துக்கு முன்னால் நின்ற வண்டிகள்.

டியூட்டி இரண்டு மணிக்கு முடிந்தது. வீட்டுக்குப் போகிற வண்டியை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைப் பக்கம் போகிற வண்டியில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஐந்து மாதமும் வழக்கம்போல வரிசை கட்டி வந்தன. நீ ஏன் வரவில்லை, நான் ஏன் கூப்பிடவில்லை, அன்றைக்குக் கதவைச் சாத்தியது ஏன் என்றால், சாஸர் வைத்தது ஏன் என்றால். இத்தனையும் ஏற்றிக்கொண்டு போனால் போய்ச் சேர முடியாது என்று அவளுக்குத் தெரியும். ரொம்பப் பிந்திய வண்டிக்கு அவளே எத்தனையோ தடவை உத்தரவு கொடுத்திருக்கிறாள்: நிறுத்தத்தில் இருக்கிறவர்கள் நிற்கட்டும், நிறுத்தாமல் போ, அடுத்தது வந்து ஏற்றிக்கொள்ளும். கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு போனாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும்போதே பார்த்துவிட்டாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் ஏதோ சொல்ல, நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். ஆள் அழுகிறாரா என்று சந்தேகம் வருகிற நேரத்தில் ஒரு பெரிய மூச்சாகச் சிரிப்பு வெளியே வரும். பேப்பரை மடியில் போட்டுவிட்டு அவர் அப்படித்தான் சிரிப்பார். அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். கண்ணாடி வழியே சத்தம் கேட்கவில்லை. தோள்கள் மட்டும் தெரிந்தன.

உள்ளே போனாள். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. தேய்த்துத் துடைத்தாற்போல முகத்தில் ஒன்றும் இல்லை.

"வாங்க அண்ணி. உக்காருங்க." ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

நம்மைப் பார்த்ததும் சிரிப்பு செத்துப்போகிறது. வந்திருக்கக் கூடாது. தண்ணீரைக் குடித்துவிட்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பாதி எழுந்துவிட்டாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். காலையில் நடந்ததும் இதேதானே. நெற்றியில் கை வைத்ததைப் பார்த்து, போனில் தாழ்ந்து பேசியதைக் கேட்டு. மறுபடி உட்கார்ந்தாள்.

"கண்ணாடி லூசா இருக்கு. கொஞ்சம் பாரு" என்றாள்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி வாங்கினாள். கம்பியைச் சின்னச் சூட்டுப் பெட்டியின் வாயில் காட்டி, கட்டை விரலால் வளைத்து, அவள் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரல் சூடாக இருந்தது. பதினைந்து மாதத்தில் அவள் முகத்தை யாரும் தொட்டதில்லை.

"லூசா இல்லையே அண்ணி. போன தடவ நான் வளைச்ச மாதிரியே இருக்கு."

"தெரியும்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

வாடிக்கையாளர் போய்விட்டிருந்தார். அவள் கேட்டாள். "நீ ஏன் பெல் அடிக்க ஆரம்பிச்ச?"

"என்னது?"

"என் வீட்டுக்கு வந்தப்ப. முப்பது வருஷமா அடிக்காதவ."

நாத்தனார் சூட்டுப் பெட்டியை அணைத்தாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தாள்.

"அன்னிக்கு ஓடி வந்து கதவத் தொறந்தீங்களே. தொறக்கும்போது உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நான்தான் பாத்தேன். அந்த மாதிரி ஒரு சிரிப்ப நான் உங்ககிட்ட பாத்ததே இல்ல. கல்யாணத்தன்னிக்குக்கூட. என்னப் பாத்ததும் அது அப்படியே கீழ விழுந்துச்சு." கையிலிருந்த துணியை மடித்தாள். "நம்ம இருமல்னாலதான இதுன்னு முடிவு பண்ணேன். அப்புறம் ரெண்டாவது மாடியிலயே நின்னு, நல்லா இருமி முடிச்சுட்டு, வாயப் பொத்திக்கிட்டுத்தான் ஏறுவேன். மேல வந்து பெல் அடிப்பேன்."

அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் அதுக்காகத்தான்டி நின்னேன்."

"எதுக்கு?"

"அந்த இருமலுக்கு. சனிக்கிழமை ரெண்டு மணிலேர்ந்து கதவுக்குப் பின்னாலயே நிப்பேன்."

"நான் பெல் அடிச்சா எவ்வளவு நேரம் கழிச்சுத் தொறந்தீங்க தெரியுமா?"

"கதவுக்குப் பின்னாலயே நின்னேன்னு உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு அம்பது வரைக்கும் எண்ணிட்டுத் தொறப்பேன்."

"அந்த அம்பதும் நான் வெளிய நின்னு என்ன நெனச்சிருப்பேன்? தொறக்க மனசில்லாம வர்றாங்கன்னு." நாத்தனார் துணியை மேசை மேல் போட்டாள். "அப்புறம் அந்தச் சாஸர். முப்பது வருஷத்துல அந்த வீட்டுல சாஸர் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"நீ பெல் அடிச்சதாலதான் சாஸர் வெச்சேன்."

"நீங்க சாஸர் வெச்சதாலதான் நான் வர்றதக் கொறச்சேன். நல்ல குடும்பம்."

மேசையில் பெயர் எழுதிய சின்னச் சின்ன உறைகளில் யார் யாருடைய கண்ணாடிகளோ காத்திருந்தன.

"ஒரு தடவ இருமேன்" என்றாள் அவள்.

"அண்ணி, அது கேட்டா வருமா? நான் என்ன ரேடியோவா?" என்றாலும் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்து முயன்று பார்த்தாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் அது யாரோ இருமியது. இருவருக்குமே தெரிந்தது.

"விடு" என்றாள் அவள்.

"என்னப் பாக்க வந்தீங்களா, அண்ணனக் கேக்க வந்தீங்களா?" நாத்தனார் குத்தலாகக் கேட்கவில்லை. கண் பரிசோதிக்கிறவர்கள் இந்த எழுத்துத் தெரிகிறதா என்று கேட்பார்களே, அப்படிக் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "அவரைக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள் அவள்.

நாத்தனார் தலையை ஆட்டினாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "நானும் உங்களுக்காக ஒண்ணும் வந்ததில்ல, தெரிஞ்சுக்குங்க. நீங்க அண்ணனத் திட்டறதக் கேக்கத்தான் வருவேன். இப்ப எல்லாரும் அவர நல்லவர், வல்லவர், தங்கம்னே பேசறாங்க. எங்க வீட்டுக்காரர்கூட. கேக்கச் சகிக்கல அண்ணி. அது யாரோ ஒருத்தர். எங்கண்ணன் இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசிக்க அவசியமே இருக்கவில்லை, நாக்கு நுனியில்தான் இருந்தது.

"அந்த மனுஷன் ஈரத் துண்டக் கட்டில்ல போடாத நாளே கிடையாது" என்று ஆரம்பித்தாள். "ஒரு நாள் நானும் பொறுக்க முடியாம அதே துண்ட எடுத்து அவர் சாப்பாட்டுப் பையில திணிச்சு அனுப்பிட்டேன். சாயங்காலம் வந்து என்ன சொன்னார் தெரியுமா? துண்டு வெச்சு அனுப்பினதுக்கு ரொம்ப தேங்க்ஸ், இன்னிக்கு லிஃப்ட் குழியில தண்ணி தேங்கியிருந்துச்சு, நல்ல உபயோகம்னார். முப்பது வருஷம். ஒரு சண்டைய ஒழுங்காப் போட விட்டாரா? தலைகாணி உறை மாத்தத் தெரியாது. கதவத் தாப்பாள் போடத் தெரியாது. போகும்போதுகூடச் சொல்லிட்டுப் போகத் தெரியல."

நாத்தனார் குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா என்று அவள் கையை நீட்டப் போன நேரத்தில், அந்தப் பெரிய மூச்சு வெளியே வந்தது. தாமதமாக, முழுசாக, கடை நிறைய. அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. அதைத்தான் கேட்க வந்திருந்தாள். கேட்டதும், அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் அடுக்கியிருந்த கண்ணாடிகளைப் பார்த்தாள். அத்தனையும் ஆளில்லாத முகங்களாக நின்றன.

சிரிப்பு அடங்கியதும் நாத்தனார் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. அது எங்கேயும் ஓடிப் போகாது.

"நாளைக்கு வர்றியா?" என்றாள் அவள்.

"நாளைக்கா? சனிக்கிழம மதியம் இப்பல்லாம் எனக்குக் கடை அண்ணி. நீங்கதான் கூப்பிடலயேன்னு முதலாளிகிட்ட நானே கேட்டு வாங்கிட்டேன். சும்மா வீட்டுல ஒக்காந்து கடிகாரத்தப் பாக்க முடியல."

"ஞாயித்துக்கிழம?"

"வரலாம்."

"எனக்கு டியூட்டி. திங்களும் டியூட்டி."

நாத்தனார் சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருடைய வேலை நேரத்தையும் விரல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இவள் சும்மா இருக்கிற நேரம் அவளுக்குக் கடை, அவளுக்கு ஓய்வென்றால் இவளுக்குத் திரை. கடைசியில் செவ்வாய்க்கிழமை காலையில், கடை திறப்பதற்கு முன்னால், அண்ணியுடைய மதிய டியூட்டிக்கும் நிறைய நேரம் முன்னால், ஒரு மணி நேரம் கிடைத்தது.

"படி ஏறி எறங்கவே பத்து நிமிஷம் போயிடும்" என்றாள் நாத்தனார்.

"மிச்சம் அம்பது இருக்குல்ல."

கதவு திறந்து யாரோ உடைந்த கண்ணாடியோடு உள்ளே வந்தார்கள். நாத்தனார் எழுந்தாள். அவள் தண்ணீரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைத்தாள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.